அண்ணா நூற்றாண்டு நூலகம், கோட்டூர்புரம்: வெயில் காலத்துல கண்ண மூடிட்டு போகலாம்

அஞ்சு ஸ்டார், அதுக்கு மேல இருந்தா அதையும் குடுப்பேன். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பரீட்சைக்கு படிக்கிறவங்க, பிஜி ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல நாலு பேரா இருக்கிறவங்க, கத்திரி வெயில்ல ஃபேன் காத்தே அனலா அடிக்குதேனு தவிக்கிறவங்க எல்லாரும் இங்க போங்க. உள்ள உக்காந்து படிக்க காசு கிடையாது, ஏசி இருக்கு, நம்ம சொந்த புக்க கொண்டுபோய் படிக்கவே தனியா ஒரு பகுதி இருக்கு, ஆனா அங்க காலைலயே போயிடணும், லேட்டா போனா இடம் பிடிக்கிறது கஷ்டம்.

2010ல அண்ணா பிறந்தநாள் செப்டம்பர் 15 அன்னைக்கு திறந்தாங்க, அடுத்த வருஷமே இத குழந்தைங்க ஆஸ்பத்திரியா மாத்தப்போறோம்னு அரசு அறிவிச்சுது, ஹைகோர்ட் தடை போட்டுச்சு, அதனாலதான் இன்னைக்கு நாங்க அங்க உக்காந்திருக்கோம்.

நாங்கனு சொன்னேன்ல, அத சொல்லாம இந்த ரிவ்யூ முழுசா இருக்காது. நான் சிவகங்கை பக்கம், சென்னைல படிக்கிறதுக்குனு வந்தவ, யார்கிட்டயும் பேசவே கூடாது பாஸ் பண்ணிட்டு ஊருக்கு போயிடணும்னு இருந்தேன். பக்கத்து சீட்ல படிச்சுட்டு இருந்தவர் வியாசர்பாடி, அவர் வீட்ல அஞ்சு பேருக்கு ஒரு ரூம், அதனால ரெண்டு பஸ் மாறி தினமும் இங்க வருவார். எனக்கு ஆப்டிட்யூட் சுத்தமா வராது, பிரிலிம்ஸ்ல 25 கேள்வி அதுலதான். 'நேரமும் வேலையும்' கணக்குல நான் ரொம்ப நேரமா முட்டிட்டு இருந்தத பாத்துட்டு, பழைய கொஸ்டின் பேப்பர் பின்னாடி ஸ்டெப் ஸ்டெப்பா எழுதி என் பக்கம் தள்ளி வச்சாரு, ஒரு வார்த்தை பேசல. பதிலுக்கு நான் என் தமிழ் நோட்ட குடுத்தேன், எட்டுத்தொகை பத்துப்பாட்டு எல்லாம் கலர் பேனால எழுதி வச்சிருந்தேன். அப்புறம் டீ குடிக்க வெளிய வர்றப்பதான் பேச்சே.

மே மாசம் முழுக்க ஃப்ரெண்ட்ஸ்தான், நிஜமாவே. ஒருநாள் அவர் வரல, தங்கச்சிக்கு காய்ச்சலாம், அன்னைக்கு எனக்கு ஒரு பக்கம் கூட ஓடல, அப்பதான் புரிஞ்சுது. சொன்னது அவர்தான், கோட்டூர்புரம் ஸ்டேஷன் வரைக்கும் என்கூட நடந்து வந்து, "பாஸ் ஆனாலும் ஆகலைனாலும் உங்ககூட இருக்கணும்"னு சொன்னாரு.

இந்த ஊர்ல ரெண்டு பேர் உக்காந்து பழகணும்னா எங்கயும் காசு. ஒரு காபிக்கு நூத்தம்பது இருநூறு, அதையும் சீக்கிரம் குடிச்சு முடிச்சுட்டா எழுந்துக்க வேண்டியதுதான். பீச் மத்தியானத்துல ஆகாது. கையில காசில்லாதவங்க அவசரமே இல்லாம, பக்கத்து சீட்ல உழைக்கிறத பாத்துப் பாத்து ஒருத்தர தெரிஞ்சுக்க இந்த ஒரு இடம்தான் எங்களுக்கு கிடைச்சுது. அதுக்காகவே இத கட்டினவங்களுக்கும் காப்பாத்தினவங்களுக்கும் மனசார நன்றி.

ரிசல்ட் வந்ததும் வீட்ல பேசுறதா இருக்கோம், இப்போதைக்கு என் சித்திக்கு மட்டும் தெரியும்.

போறவங்க ஒரு ஷால் எடுத்துட்டுப் போங்க, மத்தியானம் ஏசி குளிரும். லீவுல குட்டிப்பசங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்கு முதல் மாடில அவங்களுக்குனே பெரிய பகுதி இருக்கு. சத்தமா பேசிட்டே குரூப் ஸ்டடி பண்றவங்களுக்கு மட்டும் இது செட் ஆகாது.