ஐப்பசி ஈரம், சித்திரை வெயில்: ஒற்றை மூங்கில் நெடுவில்லும் கண்ணாடி இழை நெடுவில்லும்

நெடுவில் பற்றிப் பேச்செடுத்தால் "எது வேகம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். டெல்டாவில் அது இரண்டாவது கேள்வி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வில் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, ஐப்பசி அடைமழையில் தன் வில் எத்தனை பவுண்டு காட்டுகிறது, அதாவது முழுதாக இழுக்க எவ்வளவு விசை கேட்கிறது என்பதை. பங்குனியில் 40 பவுண்டு இழுத்த மூங்கில் வில் அப்போது 35, 36க்கு இறங்கியிருக்கும். கண்ணாடி இழை ஒட்டிய வில்லில் அந்த வித்தியாசம் கையில் தெரியவே தெரியாது.

காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் பல நாள் நின்றால், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். வில்லுக்குத் தோதான ஈரம் 8 முதல் 10 சதவீதம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விறைப்பு ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது. பவுண்டு குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈர வில்லை முழு நீளத்துக்கு இழுக்கும்போது வயிற்றுப் பக்கத்து (எய்பவரைப் பார்த்த பக்கம்) நார் நசுங்குவதுதான் பெரிய சேதம். அதன்பின் நாணைக் கழற்றினாலும் வில் நிமிராது, வளைந்தே நிற்கும். காய்ந்த பிறகும் அந்த வளைவு முழுதாகப் போகாது. ஒன்று, ஒன்றரை அங்குலம் வரை கவலையில்லை. மூன்றைத் தாண்டினால் அம்பு சோம்பலாகத்தான் போகும்.

இந்த விஷயத்தில் வார்னிஷை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். எந்தப் பூச்சும் ஈரம் நுழைவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஆளிவிதை எண்ணெய் அதைக்கூடச் சரியாகச் செய்யாது, பாலியூரிதேன் பரவாயில்லை. மழை மாதங்களில் 3 அங்குல பிவிசி குழாய்க்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வில்லைப் போட்டு இரு பக்கமும் மூடி வைப்பது எந்தப் பூச்சையும்விட மேல்.

பழைய வகை என்பது ஒரே துண்டில் செதுக்கியது. இங்கிலாந்தில் அதற்கு யூ மரம். இழுவிசை தாங்கும் வெளிப்புற வெள்ளை மரம் முதுகிலும், அமுக்கம் தாங்கும் சேகு (நடு வைரம்) வயிற்றிலும் வரும்படி ஒரே கட்டையிலிருந்து எடுப்பார்கள். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த 172 விற்கள் இந்த வகைதான். பெரும்பாலும் ஆளை மிஞ்சிய உயரம். நம் பக்கத்தில் அந்த இடத்தை மூங்கில் பிடித்துக்கொள்கிறது. மூங்கிலின் வெளித்தோல்தான் அதன் பலம். அது வில்லின் முதுகாக, அதாவது எய்பவரைப் பார்க்காமல் இலக்கைப் பார்த்த பக்கமாக இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்தை மட்டுமே சீவ வேண்டும்.

முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் கணுவில்தான் கோட்டை விடுகிறார்கள். முதுகில் கணு புடைத்திருப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மட்டமாகச் சீவிவிடுவார்கள். நார் அங்கே அறுபடுகிறது, வில் அதே கணுவில் முறிகிறது. (மயிலாடுதுறை பக்கம் குறுக்கையில் எரிந்துபோன மன்மதன் கையில் இருந்ததும் கணுவோடு கூடிய கரும்புதான்.) மூன்று, நான்கு வயது முற்றின கெட்டி மூங்கிலாக எடுத்து, வாய்க்காலில் ஒரு மாதம் ஊறப்போட்டால் மாவுச்சத்து பெரும்பாலும் கரைந்துவிடும். ஊறாத மூங்கிலில் வண்டு துளைத்து மாவு கொட்டும். பிறகு நிழலில் உலர்த்தல். நாள் கணக்கு பார்த்துப் பயனில்லை, தராசுதான் சொல்லும். வாரம் ஒருமுறை நிறுத்து, எடை குறைவது நின்ற பிறகு வேலையைத் தொடங்கலாம். இதைத் தை மாதத்துக்கு முன் இங்கே எதிர்பார்க்காதீர்கள். செதுக்கும்போது ஒவ்வொரு அங்குலம் கூடுதலாக இழுப்பதற்கு முன்பும் 30 முறையாவது குறைந்த இழுப்பில் பழக்க வேண்டும். 28 அங்குல இழுப்புக்கு வில் ஐந்தரை அடிக்குக் குறையக் கூடாது.

புதிய வகை 1950களில் பரவியது. மேப்பிள் அல்லது மூங்கில் பட்டைகளை நடுவே வைத்து, முதுகிலும் வயிற்றிலும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கண்ணாடி இழைத் தகடு வைத்து, எபாக்சி பசை தடவி அச்சில் இறுக்கிச் சூடேற்றுவார்கள். வேலையில் பெரும்பகுதியைக் கண்ணாடி இழை தாங்குவதால் உள்ளே இருக்கும் மரம் ஈரத்துக்கு அசைவதில்லை. லிம்ப், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி, தட்டையாக, மெல்லியதாக இருக்கும். கைப்பிடியில் அம்பு உட்கார வெட்டு உண்டு.

வேகத்தைச் சொல்வதானால், 40 பவுண்டில் 26 கிராம் அம்பை நல்ல ஒற்றை மூங்கில் நொடிக்கு 145 அடி அனுப்பினால், நல்ல கண்ணாடி இழை வில் 165 அடி அனுப்பும். 30 மீட்டரில் அம்பு விழும் உயரத்தில் ஒன்றே முக்கால் அடி வித்தியாசம். குறி வைக்கும் இடம் பழகிவிட்டால் இது தடையே இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் அந்த இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் மூங்கிலில் தொல்லை.

இதற்குள் கண்ணாடி இழையை வாங்கிவிடலாம் என்று தோன்றியிருக்கும். அதற்கும் ஓர் எதிரி உண்டு: சித்திரை வெயிலில் நிறுத்திய கார். மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். எபாக்சி இளகத் தொடங்கும் கட்டம் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. நாணேற்றியபடி உள்ளே கிடந்தால் அடுக்கு பிரியலாம், லிம்ப் முறுக்கிக்கொள்ளலாம். மூங்கில் வில் கெடுவதற்கு முன் காட்டிக்கொடுக்கும்: முதுகில் சிலாம்பு தூக்கும், வயிற்றில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும். கண்ணாடி இழை வில் உள்ளே பிரிந்தாலும் பளபளவென்றே இருக்கும்.

நாணில் குழம்ப வேண்டாம். ஒற்றை மூங்கிலுக்கு டாக்ரான் (சற்று நீண்டுகொடுக்கும் பாலியஸ்டர் நூல்), 40 பவுண்டுக்கு 12 இழை. நீளாத ஃபாஸ்ட் ஃபிளைட் வகை நாண் எய்த அதிர்வை நுனியில் கொண்டு இறக்கும். நுனி பலப்படுத்தப்படாத வில்லில் நாண் மாட்டும் வெட்டு பிளந்துவிடும். சணப்பு நார் நாண் காட்சிக்குச் சரி, மழையில் அதன் நீளம் மாறும். எய்து முடித்ததும் மூங்கில் வில்லின் நாணை உடனே இறக்க வேண்டும். கண்ணாடி இழை வில் நிழலில் நாணோடு இருந்தால் பாதகமில்லை.

அம்பில் மூங்கில் வில் கண்டிப்பு அதிகம். வெட்டு இல்லாததால் அம்பு கைப்பிடியின் முழு அகலத்தையும் வளைந்து சுற்றிப் போக வேண்டும். தண்டு விறைப்பாக இருந்தால், வலது கைக்காரருக்கு இடப்பக்கம் விலகும்.

போட்டிக்குப் போகிறவர்களுக்குத் தேர்வே கிடையாது. இந்தியன் ரவுண்ட் எனும் உள்நாட்டுப் போட்டிப் பிரிவில் மூங்கில் வில்தான். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் நெடுவில் பிரிவில் கண்ணாடி இழை வில் செல்லும், ஆனால் அம்பு மரத்தாலானதாக இருக்க வேண்டும். போட்டி நினைப்பில்லாமல் வருடம் முழுக்க எய்ய விரும்புபவருக்குக் கண்ணாடி இழையைத்தான் சொல்வோம். தை முதல் ஆடி வரை எய்தால் போதும், முறிந்தால் இன்னொன்று செதுக்கிக்கொள்கிறேன் என்பவருக்கு மூங்கில்.

கண்ணாடி இழை வில்லைப் பழையதாக வாங்குவதானால், நாணேற்றி, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குக் கண்ணை ஓட்டுங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுவிலும் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் முறுக்கு இருக்கிறது. பஞ்சை லிம்பின் விளிம்போடு இழுத்துப் பாருங்கள். இழை சிக்கும் இடத்தில் விரிசல். அடுக்குகள் சேரும் கோட்டில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.