நாக்ரா 17: ஒரே பெயரில் இரண்டு படகுகள்

பந்தயப் படகை வாங்க நினைப்பவருக்குத் தயாரிப்பாளர் தரும் அளவுகள் அதிகம் உதவுவதில்லை. நாக்ரா 17 என்னும் கேட்டமரான் 5.25 மீட்டர் நீளமும் 2.59 மீட்டர் அகலமும் கொண்டது, கார்பன் இழையாலான பாய்மரம் உடையது, இருவர் செலுத்துவது. இந்த விவரங்களிலிருந்து அது யாருடைய கைக்கு அடங்கும் என்று கணிக்க முடியாது. ஆகவே இம்மதிப்புரையில் அர்ஜென்டினாவின் சந்தியாகோ லாங்கேயின் பந்தய வாழ்க்கையையே அளவுகோலாகக் கொள்கிறேன். ஒலிம்பிக்கில் இடம்பெற்ற பழைய கேட்டமரானான டொர்னேடோவிலும், நாக்ரா 17-இன் முதல் வடிவத்திலும், இன்றைய வடிவத்திலும் போட்டியிட்டவர் அவர் என்பதால், மூன்றையும் ஒப்பிட அவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடைப்பது அரிது.

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது பலரும் அறிந்ததே. ஆனால் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒற்றை மிதவை. நாக்ராவோ இடைவெளிவிட்டுப் பிணைத்த இரு மெல்லிய உடல்களைக் கொண்டது. பெயர் கடல் கடந்தபோது பொருள் மாறிவிட்டது.

லாங்கே 1961-இல் பிறந்தவர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கப்பல் கட்டும் பொறியியல் பயின்றவர். 1988-இல் சோலிங் வகுப்பிலும் 1996-இல் லேசர் வகுப்பிலும், அதாவது ஒற்றை உடல் படகுகளிலேயே, அவர் ஒலிம்பிக்கைச் சந்தித்தார். 2000-இல்தான் டொர்னேடோவுக்கு வந்தார். ரோட்னி மார்ச் 1967-இல் வடிவமைத்த டொர்னேடோ 6.1 மீட்டர் நீளமும் 3.05 மீட்டர் அகலமும் கொண்ட, உடல்வலுவை நிறையக் கேட்கும் படகு. அதில் கார்லோஸ் எஸ்பினோலாவுடன் இணைந்து 2004-இல் ஏதென்ஸிலும் 2008-இல் பெய்ஜிங் போட்டிக்கான சிங்டாவ் கடலிலும் வெண்கலம் வென்றார். அதன்பின் 2012 லண்டன் போட்டியிலிருந்து கேட்டமரான் பிரிவே நீக்கப்பட்டது. அந்தப் பிரிவை மீட்டுக் கொண்டுவந்த படகு என்பதே நாக்ரா 17-இன் முதல் சிறப்பு.

அதைவிடப் பெரிய சிறப்பாக நான் கருதுவது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தே செலுத்த வேண்டும் என்ற விதிக்கேற்ப அது தேர்ந்தெடுக்கப்பட்டதைத்தான். டொர்னேடோவைவிடச் சிறியதாகவும் இலகுவாகவும் இருப்பதால் இருவரின் மொத்த எடை மிகுதியாக இருக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. லாங்கேயின் துணையாக வந்த செசிலியா கர்ரான்சா, 2008, 2012 ஒலிம்பிக்குகளில் லேசர் ரேடியல் படகைத் தனியாகச் செலுத்தியவர். சுக்கானைப் பிடித்துப் பழகிய ஒருவர் இங்கே கயிறுகளை இழுக்கும் இடத்துக்கு வந்ததனால், காற்றைப் படிக்கும் கண்கள் ஒரே படகில் இரண்டு ஜோடியாயின. இந்த ஏற்பாட்டின் பலனை 2016 ரியோ ஒலிம்பிக்கில் பார்த்தோம்.

முதல் வடிவத்தில், படகின் உடலிலிருந்து நீருக்குள் இறங்கும் அடிப்பலகைகள் வில்போல் வளைந்தவை. வேகம் கூடும்போது அவை படகின் எடையில் ஒரு பங்கைத் தாங்கி உடலைச் சற்றே தூக்கும். ஆனால் படகு நீரைவிட்டு முழுமையாக எழுவதில்லை. எனவே வெற்றி பெரும்பாலும் எந்தப் பக்கம் காற்று வலுக்கும், எப்போது திரும்ப வேண்டும் என்ற கணிப்பையே சார்ந்திருந்தது. 2016 ஆகஸ்டில், மலைகளால் சூழப்பட்டு நொடிக்கு நொடி காற்று திசைமாறும் ரியோவின் குவானபாரா விரிகுடாவில் நடந்த இறுதிப் பதக்கப் பந்தயத்தில், இரண்டு தண்டனைகள் பெற்றுப் படகைச் சுழற்றி நேரத்தை இழந்த பிறகும், லாங்கேயும் கர்ரான்சாவும் பின்னாலிருந்து மீண்டு ஆறாவதாக முடித்தார்கள். எல்லாப் பந்தயங்களின் புள்ளிகளையும் கூட்டி, குறைவாகப் பெற்றவரே வெல்வது இங்கே முறை. அவர்களின் மொத்தப் புள்ளிகள் 77. ஆஸ்திரேலியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் தலா 78. ஒரே புள்ளி வேறுபாட்டில் தங்கம். லாங்கேக்கு அப்போது 54 வயது. முந்தைய ஆண்டுதான் புற்றுநோய்க்காக அவரது இடது நுரையீரலின் ஒரு பகுதியை அறுவைச் சிகிச்சையில் நீக்கியிருந்தார்கள். அதே ஒலிம்பிக்கில் 49இஆர் என்னும் படகு வகுப்பில் போட்டியிட்ட அவருடைய இரு மகன்களும் நீந்திவந்து தந்தையைக் கட்டிக்கொண்ட காட்சி உலகெங்கும் பரவியது. எனினும் படகைப் பற்றி எழுதும் எனக்கு அந்த ஆறாவது இடம்தான் முக்கியமாகப் படுகிறது. தவறு செய்தவருக்குத் தன் அனுபவத்தால் அதைச் சரிசெய்துகொள்ள அவகாசம் தந்த படகு அது.

அந்த அவகாசம் அடுத்த வடிவத்தில் இல்லை. 2017 முதல், இசட் எழுத்தைப்போல் மடங்கிய அடிப்பலகைகளும் கிடைமட்ட இறக்கை பொருத்திய சுக்கான்களும் வந்தன. இவற்றின் தூக்குவிசையால் இரு உடல்களும் நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து பறக்கின்றன. நல்ல காற்றில் வேகம் 20 நாட்டை (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) தாண்டுகிறது. உயரம் சிறிது தவறினாலும் மூக்கு நீரில் குத்தும், இருவரும் முன்னே தூக்கியெறியப்படுவார்கள். 2017-இல் பிரான்சின் லா கிராந்த் மோத்தில் பயிற்சியின்போது படகு கவிழ்ந்து ஓர் அமெரிக்க வீரர் விரல்களின் பகுதிகளை இழந்தார். படகைக் குறை சொல்ல இதை நினைவூட்டவில்லை. கூரிய இறக்கைகள் கொண்ட ஒன்றைப் பொழுதுபோக்குப் படகாக எண்ணி வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

தன் ஏழாவது ஒலிம்பிக்கான டோக்கியோவில், 59 வயதில், இந்தப் புதிய வடிவத்தில் லாங்கே ஏழாம் இடம் பெற்றார். தங்கம் இத்தாலியின் ருஜெரோ தித்தாவுக்கும் கத்தரீனா பாந்திக்கும் போனது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டி நடந்த மார்செய்யிலும் அவர்களே வென்றார்கள். தித்தா ரியோவில் 49இஆர் என்னும் துடுக்கான ஒற்றை உடல் படகில் போட்டியிட்டவர் என்பதைக் கவனிக்க வேண்டும். நொடிப்பொழுதில் உடலை நகர்த்திச் சமநிலையைக் காக்கும் அப்பழக்கம் பறக்கும் நாக்ராவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. வயது ஒன்றுதான் லாங்கேயைப் பின்தள்ளியது என்று நான் நினைக்கவில்லை. அவர் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த காற்றறிவுக்குப் புதிய படகு தரும் மதிப்பெண் குறைவு. பார்ப்பதற்கு இது அழகு கூடியது, ஆனால் உத்தியின் சுவையில் பழையதற்கு ஒரு படி கீழ் என்பதே என் கணிப்பு.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. இது ஒரே அச்சில் வார்த்த வகுப்பு. பலகை, பாய்மரம், சுக்கான் எதுவானாலும் உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்தே வர வேண்டும். போட்டியில் எல்லாருக்கும் சம வாய்ப்பு என்பதற்கு இது நல்ல ஏற்பாடு. செலவுக் கணக்குக்கு நல்லதல்ல. படகின் விலையோடு உதிரிப் பலகைகளையும் கூட நின்று காக்கும் மோட்டார் படகையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒலிம்பிக் தேர்வை நோக்கிப் பயிலும் ஜோடிக்குப் பறக்கும் வடிவம் தவிர வேறு வழியில்லை. சங்கங்களுக்கும் வார இறுதியில் பந்தயம் விடுவோருக்கும், வளைந்த பலகைகள் கொண்ட பழைய நாக்ரா 17 நல்ல நிலையில் கைமாறக் கிடைத்தால் அதையே பரிந்துரைப்பேன். இளையோருக்கு அதுகூட வேண்டாம். 2016 முதல் உலக இளையோர் போட்டியில் பயன்பட்ட சிறிய நாக்ரா 15-இல் இரண்டு பருவங்கள் ஓட்டிய பிறகு 17-ஐ யோசிக்கலாம்.