கிரிக்கெட்ஸ் பாட்டுகள்: ஹிட் தொகுப்பா, மூல ஆல்பங்களா, முழுப் பெட்டியா?

1950களின் அமெரிக்க ராக் அன் ரோல் பாடகர் பட்டி ஹாலியும் அவருடைய கிரிக்கெட்ஸ் குழுவும் விட்டுச்சென்ற பாட்டுகளைச் சொந்தமாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இன்று நாலு வழி இருக்கிறது: இருபது பாட்டு கொண்ட ஹிட் தொகுப்பு, 1957, 1958ஆம் ஆண்டுகளில் வந்த மூல ஆல்பங்கள், எல்லாவற்றையும் அள்ளிப்போட்ட பெரிய பெட்டி, அப்புறம் ஐரோப்பாவில் காப்புரிமை முடிந்ததால் மலிவாக வரும் சிடி தொகுப்புகள். நான் மூல ஆல்பங்கள் இரண்டையும் வாங்கி, கூடவே 2009இல் வந்த 'டவுன் த லைன்' என்ற இரட்டை சிடியைச் சேர்த்துக்கொண்டேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது அல்ல. ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பாட்டுகள் நல்ல பாட்டுகள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெரும்பாலானவை மோனோ (இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி), இரண்டரை நிமிடத்துக்குள் முடிபவை. இதெல்லாம் எந்தத் தொகுப்பை வாங்கினாலும் மாறாது. மாறுவது ஒன்றே ஒன்றுதான்: இசைத்தட்டில் ஹாலியோடு வாசிப்பவர்கள் யார் என்பது.

ஹாலி டெக்சஸ் மாநிலத்தின் லப்பக் ஊர்க்காரர். 1959 பிப்ரவரி 3 அன்று ஐயோவாவில் விமானம் விழுந்து இறந்தபோது வயது 22. உயிரோடு இருக்கையில் வந்த ஆல்பங்கள் மூன்றுதான். ஆனால் அவர் இறந்த பிறகும் பத்தாண்டுகள் 'புது'ப் பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அது எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1958 இலையுதிர் காலத்தில் குழுவைப் பிரிந்து நியூயார்க் போன ஹாலி, கிரீன்விச் வில்லேஜில் உள்ள பிரிவூர்ட் கட்டடத்தில் மனைவியோடு குடியிருந்தார். அந்த வீட்டில் ஓர் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் இருந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் தன் புதுப் பாட்டுகளைத் தன் கிடாரும் குரலும் மட்டுமாக அதில் பதிந்து வைத்தார். 'பெகி சூ காட் மேரீட்', 'க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்', 'வாட் டு டூ', 'லேர்னிங் த கேம்' எல்லாம் அப்படிப் பிறந்தவை. பிறகு அந்தக் கடைசிச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் இறந்த பிறகு இசைத்தட்டுக் கம்பெனி அந்த டேப்புகளை ஜாக் ஹான்சன் என்ற தயாரிப்பாளரிடம் கொடுத்தது. அவர் 1959இலும் 1960இலும் நியூயார்க் ஸ்டுடியோ கலைஞர்களையும் கோரஸ் பாடகர்களையும் வைத்து ஓவர்டப் செய்தார். அதாவது, ஏற்கெனவே பதிந்த குரலின் மேல் டிரம்ஸ், பாஸ், கோரஸ் எல்லாவற்றையும் ஏற்றினார். சில ஆண்டுகள் கழித்து அதே டேப்புகள் ஹாலியின் பழைய தயாரிப்பாளர் நார்மன் பெட்டியிடம் வந்தன. நியூ மெக்சிகோவின் க்ளோவிஸ் ஊரில் இருந்த தன் ஸ்டுடியோவில், ஃபயர்பால்ஸ் என்ற கிடார் குழுவை வைத்து அவர் இன்னொரு முறை ஓவர்டப் செய்தார். ஆகவே ஒரே பாட்டுக்கு இன்று மூன்று உருவம்: ஹாலி பதிந்தது, ஹான்சன் சேர்த்தது, பெட்டி சேர்த்தது. மூன்றிலும் குரல் ஒன்றே, ஆனால் கேட்கும்போது மூன்றும் வேறு வேறு பாட்டு.

ஓவர்டப்பில் ஒலித்தரமும் அடிபடும். அந்தக் காலத்தில் தனித்தனி டிராக்கில் வேலை செய்யும் வசதி பரவலாக இல்லை. மூல டேப்பை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் சேர்த்து வேறொரு டேப்பில் பதிய வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் கூடும், குரலின் ஓரம் மழுங்கும். வீட்டில் முணுமுணுப்பாகப் பாடிய குரலின் பக்கத்தில் டிரம்ஸ் முழங்கும்போது அந்தக் குரல் வேறொரு அறையில் இருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. 'லேர்னிங் த கேம்' பாட்டை 'டவுன் த லைன்' தொகுப்பில் உள்ளபடி ஓவர்டப் இல்லாமல் கேட்டால், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு ஓர் இளைஞர் தன் வீட்டில் உட்கார்ந்து காதலின் விதிகளைப் பற்றி அமைதியாகப் பாடுகிறார். இதன் மேல் எதையும் ஏற்றத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது ஹிட் தொகுப்புக்கு வருவோம். 1978இல் இங்கிலாந்தில் ஆல்பம் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த '20 கோல்டன் கிரேட்ஸ்' தட்டைத்தான் பலர் இன்னும் தேடி வாங்குகிறார்கள். பதினாறு பாட்டுகள்வரை குறையே சொல்ல முடியாது. கடைசி நாலில் 'பெகி சூ காட் மேரீட்', 'போ டிட்லி', 'பிரவுன் ஐட் ஹேண்ட்சம் மேன்' ஆகியவை வருகின்றன. அவை ஹாலி இறந்த பின் மற்றவர்கள் வாசித்துச் சேர்த்தவை. பின்னிரண்டும் 1963இல் இங்கிலாந்தில் பெரிய ஹிட், அதனால் தொகுப்பில் இடம் பிடித்தது நியாயம்தான். ஆனால் முதன்முதலாகக் கேட்பவர் அங்கே ஒலிக்கும் கிடாரைக் கிரிக்கெட்ஸ் என்று நினைத்துக்கொள்வார். அது ஃபயர்பால்ஸ்.

ஓவர்டப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா கம்பெனிக்காகப் பீட்டில்ஸ் பாடிக் காட்டிய பாட்டுகளில் 'க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்' ஒன்று. அன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தது ஹான்சன் உருவம் மட்டும்தான். ஜார்ஜ் ஹாரிசன் கற்றுக்கொண்ட அந்தத் தனிக் கிடார் வாசிப்பு, ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லும் கோரஸ் இரண்டுமே நியூயார்க் ஸ்டுடியோவில் ஹாலி இல்லாமல் சேர்க்கப்பட்டவை. வரலாறு அந்தத் தட்டு வழியாகத்தான் நகர்ந்தது. ஆகவே ஹான்சன் உருவங்களையும் ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பேன். வாங்கி வைக்கும்போது மட்டும் மூலம் முதலில்.

சரி, மூல ஆல்பங்கள். 1957 நவம்பரில் பிரன்ஸ்விக் லேபிளில் வந்தது 'த சர்ப்பிங் கிரிக்கெட்ஸ்'. பன்னிரண்டு பாட்டு, அரை மணிக்கும் குறைவு. 'ஓ பாய்', 'நாட் ஃபேட் அவே', 'மேபி பேபி', 'தட்'ல் பி த டே' எல்லாம் ஒரே தட்டில். 1958 பிப்ரவரியில் கோரல் லேபிளில் 'பட்டி ஹாலி' வந்தது. 'பெகி சூ', 'எவ்ரிடே', 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்', 'ரேவ் ஆன்' அதில். ஒரே ஆட்களை இரண்டு பெயரில் விற்றதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். 1956இல் அமெரிக்க டெக்கா கம்பெனிக்காக நாஷ்வில்லில் 'தட்'ல் பி த டே' பாட்டை ஹாலி ஒருமுறை பதிந்திருந்தார். அது எடுபடவில்லை, டெக்கா அவரை விட்டுவிட்டது. ஆனால் அங்கே பதிந்த பாட்டுகளை ஐந்து ஆண்டுக்கு வேறெங்கும் பதியக் கூடாது என்ற விதி மட்டும் நீடித்தது. அதைச் சுற்றிப் போகத்தான் தட்டில் தனிப் பெயர் இல்லாமல் குழுப் பெயர் வந்தது. 1957 பிப்ரவரி 25 அன்று க்ளோவிஸில் மறுபடி பதிந்த உருவம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் பிடித்தது.

இந்த இரண்டு ஆல்பங்களில் எனக்குப் பிடித்தது அந்த ஸ்டுடியோவின் வேலைமுறை. நார்மன் பெட்டி மணிக்கணக்கில் காசு வாங்கவில்லை, பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். அதனால் பையன்களுக்கு அவசரமில்லை, என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 'எவ்ரிடே' பாட்டில் குழுவின் டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் டிரம்ஸைத் தொடவே இல்லை, தன் தொடையைத் தட்டுகிறார். மேலே மணிபோல் ஒலிப்பது பெட்டியின் மனைவி வை பெட்டி வாசித்த செலஸ்டா என்ற விசைப்பலகைக் கருவி. 'நாட் ஃபேட் அவே' பாட்டில் ஆலிசன் அடிப்பது அட்டைப்பெட்டி. 'பெகி சூ' முழுக்க உருளும் டிரம்ஸுக்கு எதிரொலியைப் பெட்டி பாட்டு ஓட ஓடத் திறந்து மூடினார். அதில் கிடார் தனி வாசிப்பு வரும்போது, கை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஹாலியால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிடாரில் ஒலியை மாற்றும் ஸ்விட்சைத் தள்ள முடியாது. குழுவின் இன்னொரு கிடார்க்காரர் நிக்கி சல்லிவன் பக்கத்தில் குனிந்து அதைத் தள்ளிவிட்டார். ஜோ பி. மால்டினின் பாஸ் கீழே நின்று எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' பாட்டில் ஹாலி தன் குரலோடு தானே சேர்ந்து பாடுகிறார். ஓவர்டப்தான், ஆனால் அவரே செய்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். 'சர்ப்பிங் கிரிக்கெட்ஸ்' ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளில் பின்னணி பாடுவது கிரிக்கெட்ஸ் இல்லையே, பிக்ஸ் என்ற பாடகர் குழு பிறகு வந்து சேர்த்ததுதானே? உண்மை. குழு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது ஓக்லஹாமாவில் டிங்கர் விமானப்படைத் தளத்தில் பதிந்த 'மேபி பேபி' போன்ற பாட்டுகளிலும் அந்தக் கோரஸ் க்ளோவிஸில் பின்னால் ஏறியதுதான். ஆனால் ஹாலி உயிரோடு இருந்து, தன் பெயரில் வெளிவர விட்டு, மேடையேறி விற்ற தட்டு அது. 1959க்குப் பின் நடந்த எதற்கும் அவரிடம் கேட்க வழியில்லை. நான் கோடு போடுவது அந்த இடத்தில்.

பெரிய பெட்டிகளைப் பற்றி: 1979இல் இங்கிலாந்தில் வந்த ஆறு எல்பி பெட்டி சேகரிப்பாளர்களிடையே மிகுந்த மதிப்புள்ளது. 2009இல் ஆறு சிடி பெட்டி ஒன்றும் குறைந்த எண்ணிக்கையில் வந்தது. இரண்டும் இப்போது பழைய பிரதிகளாகத்தான் கிடைக்கும், விலையும் விற்பவர் மனசைப் பொறுத்தது. எல்பியில் இந்தப் பாட்டுகளைக் கேட்ட அனுபவம் எனக்குக் குறைவு, ஆகவே ஒலியை வைத்து அந்தப் பெட்டியைத் தூக்கவோ தாழ்த்தவோ மாட்டேன். ஒரே பாட்டின் பல உருவங்களை வரிசையாகக் கேட்டு ஒப்பிடுபவர்களுக்கு அவை பொக்கிஷம். வேலை முடிந்து வந்து ஒரு தட்டைப் போட்டுக் கேட்பவருக்கு அதில் பாதி அலமாரியில்தான் இருக்கும்.

மலிவுத் தொகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐரோப்பாவில் 1963க்கு முந்தைய ஒலிப்பதிவுகளின் காப்புரிமை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். சிலர் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் எந்த டேப், எந்த உருவம் என்று அட்டையில் ஒரு வரிகூட இல்லாமல் வருபவை அதிகம். எழுபது பாட்டு என்று பார்த்து ஆசையாக இருக்கும். உள்ளே ஹான்சனும் மூலமும் மாறி மாறி வரும். ஸ்ட்ரீமிங்கிலும் இதே குழப்பம்.

காதை வைத்தே கண்டுபிடிக்கலாம், கடினமில்லை. 'க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்' பாட்டைப் போடுங்கள். முதல் சொல்லையே கோரஸ் திருப்பிச் சொன்னால் அது ஹான்சன். கோரஸ் இல்லாமல் மின்கிடார் முன்னால் நின்று மின்னினால் ஃபயர்பால்ஸ். ஒரு கிடார், ஒரு குரல், வேறெதுவும் இல்லை என்றால் பிரிவூர்ட் வீட்டு டேப். வாங்குமுன் அந்த ஒரு பாட்டைக் கேட்டாலே தொகுப்பின் மற்ற வீட்டுப் பாட்டுகள் எப்படியிருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

என் தேர்வில் ஓர் ஓட்டை உண்டு. 1958 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கின் பித்தியன் டெம்பிள் ஸ்டுடியோவில், டிக் ஜேக்கப்ஸ் நடத்திய இசைக்குழுவோடு ஹாலி நாலு பாட்டு பதிந்தார். 'ட்ரூ லவ் வேஸ்', 'இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்' இரண்டும் அந்த நாளுடையவை. கிரிக்கெட்ஸ் இல்லை, வயலின்கள்தான், ஸ்டீரியோவில் பதிந்தது. மூல ஆல்பங்கள் இரண்டிலும் இவை கிடையாது. 'ட்ரூ லவ் வேஸ்' இல்லாத சேகரிப்பை முழுமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதற்காக 1985இல் வந்த 'ஃப்ரம் த ஒரிஜினல் மாஸ்டர் டேப்ஸ்' சிடியையும் வாங்கினேன். இருபது பாட்டு, ஸ்டீவ் ஹாஃப்மன் மாஸ்டர் செய்தது (அதாவது வெளியீட்டுக்காக ஒலியைச் சீர்செய்தது). பிரிவூர்ட் பாட்டுகளை அது தொடவே இல்லை, அதனால் அந்த ஓவர்டப் சிக்கலும் இல்லை. ஒரே ஒரு தட்டுதான் வாங்குவேன் என்பவருக்கு '20 கோல்டன் கிரேட்ஸ்' வேண்டாம், இதைத்தான் சொல்வேன். இரண்டாவது தட்டுக்குக் காசு இருந்தால் 'சர்ப்பிங் கிரிக்கெட்ஸ்', மூன்றாவதாக 'டவுன் த லைன்'.