இரண்டு கதவு பாத்ரூம், நான்கு வருடத்துக்குப் பிறகு

திருச்சி உறையூரில் அப்பா 1993-ல் கட்டிய வீடு எங்களுடையது. இரண்டு படுக்கையறை, நடுவில் ஒரு பாத்ரூம், இரு பக்கமும் கதவு. "ரெண்டு ரூமுக்கும் அட்டாச்டு" என்று மேஸ்திரி அப்போது பெருமையாகச் சொன்னாராம். பாத்ரூம் 8 அடி நீளம், 4½ அடி அகலம். எதிரெதிராக இரண்டரை அடிக் கதவு இரண்டு, இரண்டுமே உள்பக்கம் திறப்பவை. ஒரே நேரத்தில் திறந்தால் நடுவில் முட்டிக்கொள்ளும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாழ்ப்பாள்தான் பெரிய தொல்லை. உள்ளே போகிறவர் அடுத்த அறைக் கதவையும் தாழ் போட வேண்டும், வரும்போது அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். யார் எடுப்பார்கள்? ராத்திரி 2 மணிக்கு அம்மா கதவைத் தட்டிவிட்டு, ஹாலைச் சுற்றி எங்கள் அறை வழியாக வந்து போவார். இது போக, பாத்ரூம் கதவுக்கு வழி விட வேண்டியிருந்ததால் இரண்டு அறையிலும் கட்டிலை ஜன்னலோரம் ஒட்டித்தான் போட முடிந்தது. ஐப்பசி மழைக்குச் சாரல் தலையணை வரை வரும்.

2021-ல் கை வைத்தோம். நடுவில் சுவர் வைத்து இரண்டு பாத்ரூமாகப் பிரிக்கலாம் என்றார் எங்களுக்கு வரைபடம் போட்டுத் தந்தவர். பேப்பரில் அழகாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் சந்தேகம். மொட்டை மாடியில் சாக்பீஸால் அதே அளவுக்குக் கோடு போட்டேன். நடுச்சுவர் போக ஒன்றுக்கு 3¾ அடிதான் மிஞ்சியது. வெஸ்டர்ன் க்ளாசெட் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கோட்டின் மேல் ஒரு பலகையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு அம்மாவை உட்காரச் சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் பலகையில் இடித்தது. "ஏன்டா, இதுல நான் எப்படி எந்திரிப்பேன்?" அதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

கடைசியில் செய்தது இதுதான். இரண்டு கதவையும் அடைத்தோம். நடைவழிப் பக்கச் சுவரை உடைத்து, மேலே சுவரைத் தாங்க லிண்டல் என்ற கான்கிரீட் உத்தரம் வைத்து ஒரே கதவு. வாஷ்பேசினை வெளியே நடைவழிக்குக் கொண்டுவந்தோம். பின்கட்டில் இருந்த பழைய கழிப்பறையை அப்படியே விட்டுவிட்டோம். மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. "அட்டாச்டு இல்லாம எவன் வாடகைக்கு வருவான்?" என்று மாமா கடைசி வரை முணுமுணுத்தார். வாடகைக்கு விடுவதாக யாரும் சொல்லவே இல்லை.

நான்கு வருடம் ஆகிறது. பேசினை வெளியே போட்டது நூற்றுக்கு நூறு சரி. காலையில் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பல் தேய்த்துவிடலாம். முன்பு "சீக்கிரம் வா" என்று கத்தியதில் பாதி பல் தேய்க்கத்தான் போலிருக்கிறது. உள்ளே இடம் கூடியதால் குளிக்கும் பகுதி ஓரமாகப் போய்விட்டது, க்ளாசெட் பக்கம் ஈரம் அதிகம் வருவதில்லை. கட்டில் உள்சுவருக்கு வந்துவிட்டது. கதவு இருந்த இடத்தை நாலரை அங்குலச் செங்கல்லால் அடைத்ததில், 9 அங்குலச் சுவரில் மிச்சமிருந்த பள்ளம் படுக்கையறைப் பக்கம் மாடமாகிவிட்டது. அம்மாவின் மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, விபூதி எல்லாம் அங்கேதான். ராத்திரியில் நாலு எட்டு கூடுதலாக நடக்க வேண்டும் என்று முதல் மாதம் கோபித்துக்கொண்டார். நடைவழியில் ஆள் வந்தால் தானே எரியும் சின்ன விளக்கு போட்டோம், சமாதானமாகிவிட்டார்.

சறுக்கியதும் உண்டு. குளிக்கும் இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டது வீண் செலவு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆறே மாதத்தில் கண்ணாடி பூசணம் பிடித்த அப்பளம் மாதிரி வெளுத்துவிட்டது. கழற்றிவிட்டுத் திரைத்துணி மாட்டியிருக்கிறோம்.

இன்னொன்று கொஞ்சம் வேடிக்கை. இரண்டாவது மழைக்காலத்தில் என் அறை மாடத்துக்குள் நேர்கோடாக விரிசல் விட்டது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று. அடைத்த கதவு அப்படியே சுவரில் திரும்பி வந்து நின்றது! பழைய சுவரும் புதுச் செங்கலும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூச வேண்டும், கொத்தனார் அதை விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை. அந்த விரிசல் வழியாக பாத்ரூம் ஈரம் வந்து கீழே ஓரடிக்குப் பெயிண்ட் உப்பியிருந்தது. உள்பக்க டைல்ஸை அடிவரிசை மட்டும் பெயர்த்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்து ஒட்டினோம். இந்தப் பக்கம் விரிசலைக் கொத்தி, வலை அடித்துப் பூசினோம். பிறகு வரவில்லை.

கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்ததும் நான் சொல்லித்தான். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும் என்ற பயம். ஆனால் பேசினைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். வெளியே வருகிறவர் கதவைத் தள்ளினால், பல் தேய்ப்பவர் முழங்கையில் படும். ஓரடி தள்ளி வைத்திருக்கலாம். இப்போதைக்கு, தாழ்ப்பாளை எடுக்கும் முன் உள்ளே இருப்பவர் "வர்றேன்" என்று ஒரு குரல் கொடுக்கிறார்.