செக்கு நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா?

காரைக்குடிப் பக்கம் செக்கு எண்ணெய் வாங்குவோரைக் குழப்பும் கேள்வி இது.

நிறைவுற்ற கொழுப்பு (கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் வகை): தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல், நல்லெண்ணெயில் சுமார் 14.

கொலஸ்ட்ரால்: தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.லை உயர்த்துவது உண்மைதான். கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லையும் கூடவே உயர்த்துகிறது. விற்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எச்.டி.எல். கூடியதாலேயே மாரடைப்பு குறையும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. எல்.டி.எல். குறைந்தால் ஆபத்து குறைவது உறுதி. நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றினால் எல்.டி.எல். குறையும்.

கலோரி: இரண்டிலும் மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 120. பணியாரம் பொரிப்பவர்கள் கவனிக்க.

சுவை: அரிசி கழுவிய நீரில் செய்யும் செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டிக்கு நல்லெண்ணெய்தான், பேச்சே இல்லை.

எல்.டி.எல். கூடியவர்களுக்கு அன்றாடம் நல்லெண்ணெய், அதுவும் அளவாக. மற்றவர்கள் மணத்துக்காக எப்போதாவது தேங்காய் எண்ணெயில் தாளிக்கலாம்.