கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பணம் வாங்கிவிட்டு, ஊசியே போடாமல் எடுத்த எம்.ஆர்.ஐ.

மாதவிடாய் நின்று 11 ஆண்டுகள் கழித்து என் அம்மாவுக்கு மீண்டும் உதிரப்போக்கு ஏற்பட்டது. கருப்பையின் உள்வரிச் சவ்வில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியானதும், அறுவை சிகிச்சைக்கு முன் இடுப்புப் பகுதிக்குக் கான்ட்ராஸ்டுடன் (படத்தில் கட்டி தெளிவாகத் தெரிவதற்காக நரம்பில் ஏற்றும் மருந்து) எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார் மருத்துவர். மதுரையில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் 9,500 ரூபாய் கட்டினோம். அதில் 2,500 ரூபாயைக் கான்ட்ராஸ்ட் மருந்துக்கென்று ரசீதில் தனியாகப் போட்டிருந்தார்கள்.

கால் மணி நேரத்தில் அம்மா வெளியே வந்துவிட்டார். மறுநாள் கிடைத்த ரிப்போர்ட்டில், கருப்பை சற்றுப் பெருத்திருக்கிறது, உள்வரிச் சவ்வு தடித்திருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அது தெரிந்துதானே ஸ்கேனுக்கே போனோம்!

புற்றுநோய் அறுவை மருத்துவர் ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. வட்டைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, கையில் ஊசி குத்தினார்களா?" என்று கேட்டார். அம்மா இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டிக் காட்டினார். பஞ்சு ஒட்டிய தடம்கூட இல்லை. சி.டி.யில் கான்ட்ராஸ்ட் படங்களே இல்லை என்றார் மருத்துவர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கான்ட்ராஸ்டாகப் போடும் காடோலினிய ஊசியைத் தவிர்ப்பதுண்டு, அப்போது திசுக்களில் நீர் மூலக்கூறுகள் நகர்வதை வைத்து எடுக்கும் டிஃப்யூஷன் படங்கள் பெருமளவு கைகொடுக்கும். இதில் அவையும் இல்லை, கருப்பைக் குழியின் சாய்வுக்குச் செங்குத்தாக வெட்டி எடுக்க வேண்டிய படங்களும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டி தசைச் சுவரின் பாதி ஆழத்தைத் தாண்டியிருக்கிறதா, கருப்பை வாய்க்கு இறங்கியிருக்கிறதா, நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளுக்காகத்தான் அவர் ஸ்கேன் கேட்டிருந்தார். ரிப்போர்ட்டில் ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்தப் புற்றுநோயின் நிலைகளைப் பிரிக்கும் 2009ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, கருப்பைக்குள் அடங்கிய கட்டி பாதி ஆழத்துக்குள் நின்றால் 1ஏ, பாதியை எட்டினாலோ தாண்டினாலோ 1பி. கணுக்களை எந்த அளவுக்கு எடுத்துச் சோதிப்பது என்ற முடிவும் பெரிதும் அதையொட்டியே அமையும் என்றார்.

ஆறு நாள் கழித்து வேறோர் இடத்தில் மீண்டும் எடுத்தோம். அங்கே முதலில், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டார்கள் (முதல் மையத்தில் அதைக் கேட்காதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்), நான்கு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னார்கள், புறங்கையில் ஊசி பொருத்திய பிறகே உள்ளே அழைத்துச் சென்றார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. கட்டி தசைச் சுவரில் பாதிக்கு மேல் ஊடுருவியிருக்கிறது, கருப்பை வாய் பாதிக்கப்படவில்லை என்று ரிப்போர்ட் தெளிவாகச் சொன்னது. அறுவைத் திட்டமும் அதன்படியே மாறியது.

முதல் மையத்தில் போய்க் கேட்டபோது, "மருந்து ஸ்டாக் இல்லை, பில்லில் தவறுதலாக ஏறிவிட்டது" என்றார்கள். 2,500 ரூபாயை மட்டும் திருப்பித் தருவதாகவும், புகார் ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் கையெழுத்திடவில்லை. ரசீதும் அந்த சி.டி.யும் என்னிடம்தான் இருக்கின்றன.