ஒரு கையால் புரட்ட முடிகிற வேதம்: பெரிய எழுத்துப் புதிய ஏற்பாடும் சங்கீதமும்

என் கணவருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்ததால், செவ்வாயும் வெள்ளியுமாக வாரத்தில் இரண்டு நாள் சேலத்து மருத்துவமனை ஒன்றில் டயாலிசிஸ் செய்துவருகிறோம். இது மூன்றாவது ஆண்டு. அதே சர்க்கரை கண்ணின் விழித்திரையையும் பாதித்துவிட்டதால் அவரால் சிறிய எழுத்தைப் படிக்க இயலாது. செய்தித்தாளில் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் அவருக்காகப் பெரிய எழுத்து வேதாகமம் தேடி அலைந்து, இரண்டு வகைகளை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எங்களைப் போல நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்கு உதவும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் சேர்ந்த முழு வேதாகமம், பெரிய எழுத்துப் பதிப்பு, ஜிப் வைத்த உறையோடு. சபையில் மூப்பர்கள் மடியில் வைத்துப் படிப்பார்களே, அதே கனமான புத்தகம். எழுத்து உண்மையிலேயே பெரியது. அவர் கண்ணாடியைக்கூடத் தேடாமல் ஒரு வசனத்தைப் படித்துக் காட்டியபோது, ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு தானாக ஒன்றைப் படித்த மகிழ்ச்சியில் அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. ஆனால் அந்த மகிழ்ச்சி வீட்டு மேசையோடு நின்றுவிட்டது. டயாலிசிஸ் நடக்கும்போது ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துவைத்த இடம்) உள்ள இடக்கையை அசைக்கவே கூடாது. இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும் அந்தக் கை சிறிது மடங்கினாலும் இயந்திரம் கத்தத் தொடங்கிவிடும். எஞ்சியிருப்பது வலக்கை ஒன்றுதான். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், உறையோடு ஒன்றேமுக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அதை ஒரு கையால் தூக்கவும் முடியாது, பக்கம் புரட்டவும் முடியாது. நெஞ்சின் மீது சாய்த்து வைத்தால் மூச்சு முட்டுகிறது என்பார். நான் பிடித்துக்கொண்டு நின்றால், எனக்காக அவசர அவசரமாகப் படித்து முடித்துவிடுவார்.

இரண்டாவதாக வாங்கியது புதிய ஏற்பாட்டோடு, பழைய ஏற்பாட்டிலிருந்து சங்கீதமும் (கடவுளை நோக்கிப் பாடிய பாடல்கள்) நீதிமொழிகளும் மட்டும் சேர்ந்த பெரிய எழுத்துப் பதிப்பு. எடை பாதிகூட இல்லை. மெல்லிய அட்டை, ஜிப் கிடையாது. தொடையின் மேல் தலையணை வைத்து அதன் மேல் விரித்தால் தானாகவே விரிந்து கிடக்கிறது, வலக்கைக் கட்டைவிரலால் பக்கம் தள்ளலாம். நான் பரிந்துரைப்பது இதைத்தான். முழு வேதாகமம் இல்லாத வீட்டில் இதை மட்டும் வாங்கச் சொல்லமாட்டேன், ஏனென்றால் பழைய ஏற்பாட்டின் யோபும் ஏசாயாவும் ஆபகூக்கும் இல்லாத வேதம் துன்பப்படுகிறவனுக்குப் பாதி வேதம்தான். ஆனால் மருத்துவமனைப் பையில் வைக்க இதற்கு ஈடு வேறில்லை.

கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேலத்தில் நான் வாங்கியது ஒரு சிறிய கிறிஸ்தவப் புத்தகக் கடை. கடைக்கார அண்ணன் விஷயத்தைக் கேட்டதும், "உள்ளே டியூப் லைட்டுல மட்டும் பார்க்காதீங்கம்மா, வாசல் வெளிச்சத்துல ஒருதரம், உள்ளே ஒருதரம் பாருங்க; ஆஸ்பத்திரியில வெளிச்சம் எப்படியோ, அப்படித்தான் அவருக்குத் தெரியும்" என்று சொல்லி, நான்கு பதிப்புகளை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அவர் சொன்னதால்தான் இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்பை வாங்காமல் தப்பித்தேன். பார்க்க அழகாக இருக்கும் அந்தச் சிவப்பு, மங்கிய கண்ணுக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் தாளோடு தாளாகக் கரைந்துவிடுகிறது. மிக முக்கியமான வார்த்தைகளே படிக்க முடியாதவையாகிவிட்டால் என்ன பயன்? கறுப்பெழுத்தே வாங்குங்கள். தாளின் மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். வேதாகமத் தாள் எப்போதுமே மெல்லியது, ஆனாலும் பதிப்புக்குப் பதிப்பு வித்தியாசம் உண்டு. இயன்றால் நோயாளியின் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

இனி உள்ளே இருக்கும் தமிழைப் பற்றி. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள், என் கணவர் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அதனால் எங்கள் வீட்டில் திருமண நாள் முதலே இரண்டு வேதங்கள் உண்டு. 1715-இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கி, பின்னர் வந்த மிஷனரி பப்ரிசியுஸ் கை பட்டு, பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வந்த பழைய திருப்புதல் என்ற மொழிபெயர்ப்பு என்னுடையது; எங்கள் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவது அதுதான். கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அவருடையது. நான் வாங்கிய பெரிய எழுத்துப் பதிப்புகள் இரண்டும் பழைய திருப்புதல். அவருக்குப் பழகாத தமிழ் என்பதால், தொடக்கத்தில் எனக்கு மனச்சங்கடம்.

ஆனால் அந்த வேறுபாடே எங்களுக்குப் பெரிய நன்மையாக முடிந்தது. அவர் பெரிய எழுத்தில் ஒரு வசனத்தைப் படிப்பார். நான் சிறிய எழுத்துத் திருவிவிலியத்தில் அதே இடத்தைப் படித்துக் காட்டுவேன். அப்போஸ்தலன் பவுல் தன் சரீரத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்றுமுறை வேண்டிக்கொண்டபோது கிடைத்த பதில், என் வேதத்தில் "என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்று இருக்கிறது; அவருடையதில் "என் அருள் உனக்குப் போதும்; வலுவின்மையில்தான் வல்லமை நிறைவாய் வெளிப்படும்" என்று இருக்கிறது. கிருபை என்ற சொல்லை நான் பிறந்தது முதல் கேட்டுக் கேட்டு, அதன் கூர்மை மழுங்கிப்போயிருந்தது. "அருள்" என்று கேட்டபோதுதான், முள் நீங்காமலே ஒருவனுக்கு ஒன்று கொடுக்கப்பட்டது என்பது எனக்கு உறைத்தது. அவரோ, "கிருபைன்னு சொல்லும்போது கையில ஏதோ வைக்கிற மாதிரி இருக்கு" என்றார். அன்று அவர் கையில் ஊசிதான் இருந்தது.

ரோமர் ஐந்தாம் அதிகாரத்திலும் அப்படியே. உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது என்று என் வேதம் சொல்கிறது. துன்பத்தால் மனவுறுதி விளையும் என்கிறது அவருடையது. நோய் வந்த வீட்டில் பொறுமை என்ற சொல்லை எல்லோரும் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பல சமயம் அதற்குப் பொருள் "வாயை மூடிக்கொண்டு இரு" என்பதுதான். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழுந்து, குளித்து, அடையாள அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் அதே கட்டிலுக்கு நடந்துபோகிற மனிதரிடம் நான் பார்ப்பது வாய்மூடிய பொறுமையை அல்ல. அதனால் எங்களுக்குள் ரோமரை மட்டும் இப்போது அவருடைய சொல்லில்தான் சொல்லிக்கொள்கிறோம்.

தாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுநீர் பிரியாததால் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். நாளுக்கு முக்கால் லிட்டர் என்று மருத்துவர் அளந்துவிட்டார், அதில் காப்பியும் ரசமும் மோரும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அடக்கம். காப்பித் தோட்டத்தில் பிறந்தவருக்குக் காலையில் அரை டம்ளர். சேலத்துச் சித்திரை வெயிலில் அவர் உதட்டை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் தாங்காது. அப்படி ஒரு நாள் சங்கீதம் நாற்பத்திரண்டைப் பெரிய எழுத்தில் விரித்து, "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று படித்துவிட்டு, உன் கையில் இருக்கும் புத்தகத்தில் என்ன இருக்கிறது பார் என்றார். "கலைமான் நீரோடைகளுக்காக ஏங்கித் தவிப்பது போல்" என்று படித்தேன். தண்ணீர் தவிக்கிறது என்றுதான் எங்கள் பக்கத்தில் தாகத்துக்கே சொல்வார்கள். "அது நான்தான்" என்று மட்டும் சொன்னார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எந்தப் பிரசங்கமும் அவருக்குச் செய்யாத ஒன்றை, தன் கண்ணால் தானே படித்த அந்த வரி செய்தது.

தானே படிப்பது என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நோய் வந்த நாள் முதல் அவருக்காக எல்லாவற்றையும் மற்றவர்களே செய்கிறோம்: எடை பார்ப்பது, மாத்திரை பிரிப்பது, தண்ணீர் அளப்பது, கடைசியில் ஜெபிப்பதும்கூட. செல்பேசியில் ஒலி வேதாகமத்தையும் முயன்று பார்த்தோம். இலவசம்தான், ஆனால் இயந்திரங்களின் சத்தத்தில் பாதி கேட்பதில்லை, மீதியில் உறங்கிவிடுகிறார். புத்தகம் அப்படியில்லை. எந்த இடத்தைப் படிப்பது, எங்கே நிறுத்துவது, எதை இரண்டாம்முறை படிப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார்.

நலம் விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வாக்குத்தத்த வசன அட்டைகளைக் கொண்டுவருகிறார்கள். அன்பாகத் தருவதால் மறுப்பதில்லை. ஆனால் ஆரோக்கியம் வரும் என்ற ஒற்றை வரியை மட்டும் பொன்னெழுத்தில் அச்சிட்ட அட்டையை வாரம் இரண்டு முறை இரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவரின் கையில் கொடுத்தால், குணமாகாததற்குத் தன் விசுவாசக் குறைவுதான் காரணமோ என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். அப்படி நேரடியாகச் சொல்லிவிட்டுப் போனவரும் உண்டு. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. முழுச் சங்கீதங்களும் உள்ள புத்தகம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் ஆறுதலே சொல்லாமல், சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் குறைந்துவிட்ட இரண்டாம் ஆண்டில், வேதத்துக்குள்ளேயே இப்படி ஒரு ஜெபம் இருக்கிறது என்பது அவருக்கு எந்த அட்டையையும்விடப் பெரிய துணையாக இருந்தது.

சென்ற ஏப்ரலில், வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்த மறுநாள், ஏற்காட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு இரண்டு நாள் போய்வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் அவர் களைத்துவிட்டார். அதற்குப் பத்து நாள் முன்பு மலையில் மழை பெய்திருந்தது. தோட்டம் முழுவதும் காப்பி பூத்து, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் வெண்மையாய்க் கிடந்தது. காப்பி மொட்டு மழைக்காகக் காத்திருக்கும் என்றும், மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் மல்லிகைபோல் மலர்ந்து ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும் என்றும், பழுத்துப் பறிப்பதற்கு அதன்பின் எட்டு ஒன்பது மாதம் ஆகும் என்றும் அவர் எனக்கு விளக்கினார். அவ்வளவு நேரம் தொடர்ந்து அவர் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து யாக்கோபு நிருபத்தை எடுத்தார். பயிரிடுகிறவன் "முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, தன் அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். நாத்தனார், "அப்பா மழைக்கு வானத்தையே பார்த்துட்டு நிப்பாரே, அதேதான்டா" என்றார். பகல் வெளிச்சத்தில் அந்த எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பக்க அடையாள நாடா ஒன்றுதான் இருக்கிறது. சங்கீதத்துக்கொன்றும் புதிய ஏற்பாட்டுக்கொன்றுமாக இரண்டு தேவை. ஓராண்டில் முதுகுப் பக்கம் ஒட்டுவிட்டுத் தைத்த இடம் தெரிகிறது, பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறேன். வசன எண்கள் எழுத்தைவிட மிகச் சிறியவை, அவற்றை அவரால் கண்டுபிடிக்க முடிவதில்லை என்பதால் அதிகாரத்தைச் சொல்லி எண்ணிக்கொண்டு வருகிறோம். எல்லாவற்றையும்விட, திருவிவிலியத்தின் திருப்பாடல்கள் (சங்கீதத்துக்கு அதில் உள்ள பெயர்) இதே கனத்தில், இதே பெரிய எழுத்தில் எனக்குச் சேலத்தில் கிடைக்கவில்லை. அச்சிடுகிறவர்கள் இதைக் கவனத்தில் கொண்டால் என் கணவரைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

தினமும் காலையில் அவர் மணிக்கட்டில் ஃபிஸ்டுலாவின் மேல் இரண்டு விரலை வைத்து, தோலுக்கடியில் வண்டு ரீங்கரிப்பதுபோன்ற அந்த அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இருந்தால் இரத்தம் ஓடுகிறது என்று பொருள். பார்த்த பிறகு அவர் ஒரு சங்கீதம் படிப்பார். இரண்டு வேலைக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். சென்ற செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கட்டில் ஆத்தூர் அம்மா, தங்களுக்கும் அப்படி ஒரு புத்தகம் வாங்கித் தர முடியுமா, பேத்தி படிக்கச் சொன்னால் படிக்கமாட்டேன் என்கிறாள் என்று கேட்டார். அவர் சபைக்குப் போகிறவர் அல்லர். அந்த மான் வரும் பாட்டு இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் சொன்ன நிபந்தனை. நேற்று அதே கடையில் இன்னொரு பிரதி வாங்கினேன், கறுப்பெழுத்து, ஜிப் இல்லாதது. வாசல் வெளிச்சத்தில் ஒருமுறையும் உள்ளே ஒருமுறையும் பார்த்துத்தான் எடுத்தேன்.